தண்ணீருக்கு எத்தனை நொடி?

அந்தி நேரத்தில் ட்ரைபாடோடு கரையோரம் நிற்கும் ஒளிப்பட நண்பர்களுக்கும், அவர்கள் எடுத்த படங்களில் நல்லதைத் தேர்ந்தெடுக்கும் போட்டி நடுவர்களுக்கும்,



நம் ஒளிப்படக் கழகங்கள் நடத்தும் போட்டிகளுக்கு வருகிற மாலைக் கடல் படங்களைப் பத்துப் பதினைந்தாக அருகருகே வைத்துப் பாருங்கள். முன்புறத்தில் ஒரு கறுத்த பாறை, அல்லது பாதி புதைந்த மரத்தூண். அதைச் சுற்றி வெண்புகையாகப் படிந்த நீர். மேலே கோடுகோடாக இழுபட்ட மேகம். கீழே ஊர்ப் பெயர் எழுதியிருக்காவிட்டால் எது கோவளம், எது முட்டம், எது தரங்கம்பாடி என்று அந்தந்த ஊரில் பிறந்தவரால்கூடச் சொல்ல முடியாது. நுட்பத்தில் குறை ஒன்றும் இல்லை. கூர்மை, ஒளியளவு, சட்டக அமைப்பு எல்லாம் பிசகில்லாமல் இருக்கின்றன. பிறகு ஏன் எல்லாம் ஒரே கடலாகத் தெரிகிறது? பத்து ஸ்டாப் என்டி ஃபில்டரை மாட்டினால் மூன்று நான்கு நிமிடம் ஷட்டரைத் திறந்து வைக்க முடிகிறது. முடிகிறது என்பதாலேயே திறந்து வைக்கிறோம். எவ்வளவு நேரம் என்பதை ஃபில்டர் முடிவு செய்துவிடுகிறது. அந்த முடிவை எதிரே கிடக்கும் தண்ணீரிடம் விட வேண்டும் என்பதுதான் இந்த மடலில் நான் வாதாடப் போகிற ஒரே விஷயம். லாங் எக்ஸ்போஷரே கூடாது என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை. அந்தக் கட்சிக்கும் கொஞ்சம் தள்ளிப் பதில் வைத்திருக்கிறேன்.

இராமேஸ்வரம் தீவை எடுத்துக்கொள்வோம். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்குப் பக்கத்து நீர் ஆழம் குறைந்தது. தீவும் மணல்திட்டுகளும் மறைத்து நிற்பதால் பெருங்கடலின் திரைகள் அங்கே எளிதில் நுழைவதில்லை. உள்ளூர்க் காற்று கிளப்பும் சிற்றலைதான் அதன் குணம். தெற்குப் பக்கம் இந்தியப் பெருங்கடலைப் பார்த்துத் திறந்திருக்கிறது. எங்கோ தொலைவில் வீசிய புயலின் திரைகள்கூட நாள் கணக்கில் பயணம் செய்து வந்து சேரும். வடக்கைப் பெண்கடல் என்றும் தெற்கை ஆண்கடல் என்றும் அங்குள்ளவர்கள் சொல்வது பலருக்கும் தெரிந்ததே. ஆண்டு முழுவதும் அப்படியே இருப்பதில்லை என்பது அவ்வளவாகத் தெரியாது. வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் வடக்குக் கடல் முரண்டு பிடிக்கும். தென்மேற்குக் காற்றில் தெற்கு எழும்பும். ஒரே தீவில், சில நூறு அடி நடந்தால் இரண்டு விதமான நீர். (தீவின் கோடியான அரிச்சல்முனையில் இருட்டும்வரை நிற்க விடமாட்டார்கள்; பாம்பன் பக்கத்துக் கரைகள் போதும். பாலத்தின் மேல் நின்று எடுக்க ஆசைப்பட வேண்டாம்: ஒரு லாரி கடந்தால் ட்ரைபாட் நடுங்கும்.) இந்த இரண்டு நீரையும் நான்கு நிமிடம் எடுத்தால் கிடைப்பது இரண்டு படங்கள், ஒரே கடல்.

ஏன் அப்படி ஆகிறது என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். ஓர் அலையின் முகடு ஓரிடத்தைக் கடந்து அடுத்த முகடு அதே இடத்துக்கு வர ஆகும் நேரம்தான் அலை இடைவெளி. ஆழமற்ற விரிகுடாவில் காற்று கிளப்பும் சிற்றலைக்கு அது நான்கு நொடி என்று வைத்துக்கொள்வோம். பெருங்கடலிலிருந்து வரும் திரைக்குப் பன்னிரண்டு நொடி. ஷட்டரை 2 நொடி திறந்தால் சிற்றலை தன் சுற்றில் பாதியை முடித்திருக்கும். பெருந்திரை ஆறில் ஒரு பங்குதான் நகர்ந்திருக்கும்; அதன் முதுகும் பள்ளமும் சற்றே மென்மையாகி, ஆனால் முதுகும் பள்ளமுமாகவே படத்தில் நிற்கும். ஆகவே இரண்டு நீரும் இரண்டு விதமாக வரும். 240 நொடி திறந்தாலோ ஒரு பக்கம் அறுபது அலைகள், இன்னொரு பக்கம் இருபது. இருபதுக்கு மேல் எத்தனை சேர்த்தாலும் சராசரி ஒன்றுதான்: நீரின் நடுமட்டம், அதன் மேல் நுரை அதிகம் புரண்ட இடத்தில் கொஞ்சம் கூடுதல் வெண்மை. அலையின் உயரம், வேகம், வந்த திசை, காற்றின் கை எல்லாம் அந்தச் சராசரிக்குள் போய்விடும். இடைவெளியில் கால்பங்குக்குள் நின்றால் அலையின் உடல் இருக்கும். பாதி முதல் ஒரு சுற்று வரை போனால் கரையேறித் திரும்பும் நீர் மணலில் கோடு வரையும். பாறையிடுக்கில் வடியும் நீரின் பாதை தெரியும். இரண்டு மூன்று சுற்றுகளில் நீர் தளரத் தொடங்கும். அதற்கப்பால் நிமிடங்களைக் கூட்டிக்கொண்டே போவதால் தண்ணீரில் புதிதாக எதுவும் நடப்பதில்லை. மேகம் மட்டும்தான் இன்னும் இழுபடும். மேகத்துக்காக எடுக்கிறேன் என்றால் அது நியாயமான காரணம். ஆனால் அதைத் தெரிந்து செய்ய வேண்டும்.

அந்தி என்பதே ஒரு ஃபில்டர் என்பதை நாம் போதுமான அளவு பயன்படுத்திக்கொள்வதில்லை. தெளிந்த வானத்தில் சூரியன் மறையும் தருணத்தில் தரையில் விழும் ஒளி ஏறக்குறைய 400 லக்ஸ். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 6 டிகிரி இறங்கும்போது அது மூன்றரை லக்ஸுக்கும் சற்றுக் குறைவு. நூறு மடங்குக்கு மேற்பட்ட இறக்கம். ஸ்டாப் கணக்கில் ஏழு. விழும் ஒளியை வைத்துக் கணக்குப் போட்டால், எஃப் 11, ஐஎஸ்ஓ 100 என்ற அமைப்பில், மறையும் தருணத்தில் முக்கால் நொடி தேவைப்படும். அந்த 6 டிகிரி அந்தி முடியும்போது ஒன்றரை நிமிடம். எந்தக் கண்ணாடியும் மாட்டாமலேயே முக்கால் நொடியிலிருந்து தொண்ணூறு நொடி வரை அத்தனை நேரங்களும் வரிசையாக நம் கைக்கு வந்து போகின்றன. அலையின் கால்பங்கு வேண்டுமா, ஒரு சுற்று வேண்டுமா, பத்துச் சுற்று வேண்டுமா, எல்லாம் அந்த வரிசையில் உண்டு. மேற்கு வானத்தை நேரே பார்த்து எடுக்கிறவருக்கு ஒளி கூடுதலாக இருக்கும். அவருக்கு மூன்று ஸ்டாப் அல்லது ஆறு ஸ்டாப் ஃபில்டர் உதவும். பத்து ஸ்டாப் என்பது ஒளியை ஆயிரத்தில் ஒன்றாக்குவது. அது நடுப்பகலுக்கு ஏற்பட்ட பண்டம். அந்தியில் அதை மாட்டினால் ஒரு நொடி பதினேழு நிமிடமாகிவிடும். அதைத் தவிர்க்க ஐஎஸ்ஓவை ஏற்றி, அப்பர்ச்சரைத் திறந்து, மாட்டிய ஃபில்டரோடு நாமே மல்லுக்கட்டுகிறோம்.

இந்த ஏழு ஸ்டாப் இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதில்தான் நம் ஊர் வேறுபடுகிறது. வடக்கு நாடுகளில் எழுதப்பட்ட கையேடுகளையும் அங்கே எடுக்கப்பட்ட காணொளிப் பாடங்களையும் பார்த்துத்தான் நம்மில் பலர் இந்தக் கலைக்கு வந்தோம். லண்டனில் ஜூன் மாதத்தில் இந்த 6 டிகிரி இறக்கத்துக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும்; ஐஸ்லாந்தில் அதே மாதத்தில் அந்த அந்தி விடியும்வரை முடிவதே இல்லை. நமக்கு நிலநடுக்கோடு அருகில் இருப்பதால் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குகிறது. சென்னையிலும் சரி, கன்னியாகுமரியிலும் சரி, 21 முதல் 23 நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆண்டின் எந்த மாதமானாலும் பெரிய வித்தியாசம் கிடையாது. இந்த 22 நிமிடத்தில் நான்கு நிமிடப் படம் ஒன்று எடுத்து, கேமராவின் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷனும் இயக்கத்தில் இருந்தால், அது இன்னொரு நான்கு நிமிடம் மூடிய ஷட்டரோடு தனக்கென ஓர் இருட்டுப் படம் எடுத்துக்கொள்ளும். ஒரு படத்துக்கு எட்டு நிமிடம். மாலை முழுவதற்கும் இரண்டே படம், மூன்றாவது பாதியில். அதை நிறுத்திவிடலாமே என்பீர்கள். நம் வெக்கையில் அதுவும் இலேசில்லை: சென்சாரில் ஒளியில்லாமலேயே ஊறும் மின்கசிவு, வெப்பம் ஆறேழு டிகிரி கூடும்போதெல்லாம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 5 டிகிரி குளிரில் எடுப்பவருக்கும் 30 டிகிரியில் எடுப்பவருக்கும் இடையே பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். குளிரில் எடுப்பவருக்குத் தேவைப்படாத இருட்டுப் படம் நமக்குத் தேவைப்படுகிறது.

இன்னொரு சங்கடம், ஒளி நிற்காமல் ஓடுவது. மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்டாப் வீதம் அது இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், நான்கு நிமிடப் படம் முடியும்போது தொடங்கிய ஒளியில் பாதிகூட இருக்காது. தொடக்கத்தில் அளந்த கணக்கை நம்பியவருக்கு மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு ஒளி குறையும். ஃபிலிம் காலத்தில் இதோடு வேறொரு கழிவும் உண்டு: நேரம் நீள நீள ஃபிலிம் மந்தமாகும். நட்சத்திரங்களைப் படமெடுத்த வானியலாளர் கார்ல் சுவார்ஷில்ட் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அளந்து சொன்ன கழிவு அது. டிஜிட்டலில் அது இல்லை. ஆனால் இறங்கும் ஒளியின் கழிவு சூரியன் போடும் கணக்கு. கேமரா மாற்றித் தப்ப முடியாது. இரண்டு நொடி, நான்கு நொடிப் படங்களில் இதெல்லாம் பொருட்டே இல்லை. ஒரே மாலையில் முப்பது நாற்பது அலைகளைத் தனித்தனியே எடுத்து, எந்த அலை சரியாகத் திரும்பியது என்று பொறுக்கலாம். எந்த அலையை எடுப்பது என்ற தேர்வு ஒளிப்படக்காரரின் கண்ணுக்கு விடப்பட்ட வேலை. நான்கு நிமிடம் அந்த வேலையைப் பிடுங்கிக்கொள்கிறது.

கிழக்குக் கரைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சூரியன் முதுகுக்குப் பின்னால் மறைகிறது, எனவே சென்னையிலும் மாமல்லபுரத்திலும் மாலையில் எடுக்க ஒன்றுமில்லை என்று சொல்லி விடியற்காலைக்கு மட்டும் கடற்கரைக்குப் போகிறவர்கள் நம்மில் அதிகம். சூரியன் மறைந்த சில நிமிடங்களில் கடலின் அடிவானத்திலிருந்து சாம்பல் கலந்த நீலப் பட்டை ஒன்று மெல்ல எழும்பும். பூமி தன் நிழலைக் காற்றுமண்டலத்தின் மேல் வீழ்த்துவது அது. அதன் தலைமேல் இளஞ்சிவப்பாக ஒரு விளிம்பு. மேற்குக் கரையில் நிற்பவர் இதைக் கடலின் மேல் மாலையில் பார்க்க முடியாது. வங்கக் கடலுக்கு வாய்த்தது. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் நிழல் உயர்ந்து வானத்தோடு கலந்துவிடும். பகலெல்லாம் வீசிய கடற்காற்று அப்போதும் முழுதாக அடங்கியிருக்காது என்பதால் நீரில் சிற்றலை மிகுந்திருக்கும். ஒவ்வொரு சிற்றலையும் ஒரு சரிவில் இளஞ்சிவப்பையும் மறுசரிவில் நீலத்தையும் ஏந்தும். அரை நொடி, ஒரு நொடியில் இந்த இரண்டு நிறமும் நீரில் பிரிந்து நிற்கும். நான்கு நிமிடத்தில் கலந்து ஊதாச் சாம்பலாகும். கிழக்குக் கரையின் அந்தியில் இருக்கும் சிறப்பே இரண்டு நிறம்தான் எனும்போது அவற்றைக் கலப்பதற்கு என்ன காரணம் சொல்வது?

கன்னியாகுமரியில் சித்திரைப் பௌர்ணமியன்று ஒரு பக்கம் சூரியன் மறைய மறுபக்கம் நிலா எழுவதைப் பார்க்கக் கூட்டம் கூடும், கேமராக்களும் கூடும். வானத்தில் நிலாவின் அகலம் அரை டிகிரி. பூமியின் சுழற்சியால் அது தன் அகலத்தைத் தானே கடக்க இரண்டு நிமிடம் ஆகும். நான்கு நிமிடம் திறந்து வைத்தால் நிலா கொழுக்கட்டையாகிவிடும். அதைப் பிறகு கணினியில் வட்ட நிலாவாக ஒட்டி அனுப்புகிறவர்களைப் பற்றி இங்கே பேசவில்லை.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு எதிர்க்கட்சியிலிருந்து வருவது: லாங் எக்ஸ்போஷரே பொய், கண் பார்க்காத தண்ணீரைக் காட்டுகிறது, ஆகவே ஒரு நொடியும் பொய், நான்கு நிமிடமும் பொய். இந்த வாதம் வரலாற்றின் முன் நிற்காது. 1838இல் டாகெர் பாரிஸ் நகரத்து புலவார் த்யு தாம்ப்ல் தெருவை எடுத்த படத்தில் அந்த நெரிசலான தெரு ஏறக்குறைய வெறுமையாகக் கிடக்கிறது. தட்டு மந்தமானது, பல நிமிடம் திறந்திருந்ததில் வண்டிகளும் நடந்தவர்களும் அழிந்துபோனார்கள். நின்றபடி காலணியைத் துடைக்கக் கொடுத்த ஒருவரின் உருவம் மட்டும் பதிந்தது. அந்தக் காலத்தில் கடலை எடுத்தாலும் புகைதான் வரும். வேறு வழி இல்லை. 1850களில் குஸ்தாவ் ல கிரே அலையை நிறுத்திப் பிடித்தபோது பார்த்தவர்கள் வியந்தது அதனால்தான். அவரும் தம் கடற்படங்கள் பலவற்றில் வானத்துக்கு ஒரு நெகடிவ், நீருக்கு ஒரு நெகடிவ் என்று இரண்டை இணைத்துத்தான் அச்சிட்டார். பிறகு வொர்திங்டன் என்ற ஆங்கில இயற்பியலாளர் மின்பொறியின் வெளிச்சத்தில் நீர்த்துளி தெறிப்பதைப் படமெடுத்தார். 1908இல் அது நூலாக வந்தது. அதற்கு முன் கண்ணால் பார்த்து அவர் வரைந்த தெறிப்புகள் சீரான வட்டங்களாக இருந்தன. ஒளிப்படத்தில் வந்தவை கோணல்மாணலாக இருந்தன. அந்தரத்தில் நிற்கும் துளியைக் கண் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆயிரத்தில் ஒரு நொடியும் கண்ணுக்கு அந்நியம். ஒரு நிமிடமும் அந்நியம். கண்ணுக்கு நெருக்கமான ஷட்டர் நேரம் என்று ஒன்று இருந்தால் அது மிகக் குறுகிய ஒரு பட்டைதான். அதற்குள்ளேயே எல்லாரும் எடுக்க வேண்டும் என்பது ஒளிப்படத்தையே வேண்டாம் என்பதற்குச் சமம்.

அடுத்து, நான்கு நிமிடத்துக்காரர்கள் எடுத்து வைக்கக்கூடிய மிக வலுவான சான்றை நானே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் ஒரெகன் மாநிலப் பல்கலைக்கழகத்துக் கடலியலாளர்கள் 1980களில் கரையோரக் கோபுரங்களில் வீடியோ கேமராக்களைப் பொருத்தி, பத்து நிமிடக் காட்சியை ஒரே படமாகச் சராசரியாக்கினார்கள். லிப்மன், ஹோல்மன் இருவரும் 1989இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் அடிக்கடி சுட்டப்படுவது. அந்தச் சராசரிப் படத்தில் கரைக்கு இணையாக வெண்பட்டைகள் தெரியும். அலை எங்கே திரும்பத் திரும்ப உடைகிறதோ அங்கே வெண்மை. எங்கே உடைகிறது என்றால், அடியில் மணல்மேடு இருக்கும் இடத்தில். நீருக்குள் இறங்கி அளக்காமலேயே மூழ்கிக் கிடக்கும் மணல்மேட்டின் வடிவத்தைப் படம் சொல்லிவிட்டது. ஆர்கஸ் என்ற பெயரில் அந்த முறை பல நாட்டுக் கரைகளுக்குப் பரவியது. ஆக, நீண்ட எக்ஸ்போஷர் அழகூட்டும் தந்திரம் மட்டுமல்ல, ஓர் அளவைக் கருவியும்கூட. ஆனால் அந்தக் கடலியலாளர்கள் பத்து நிமிடம் என்று வைத்ததற்குக் காரணம் இருந்தது: தனித்தனி அலைகளின் வேறுபாடு கரைந்து அடித்தரை மட்டும் தெரிய அவ்வளவு வேண்டும், ஓதம் ஏறி இறங்கிப் படத்தைக் குழப்பாமல் இருக்க அவ்வளவோடு நிறுத்த வேண்டும். கேள்வி முதலில் வந்தது, நேரம் பிறகு. உயரமான இடத்திலிருந்து, பட்டையாக உடையும் அலைகளை, அடித்தரையைக் காட்டுவதற்காக நான்கு நிமிடம் எடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் நான் கைதட்டுவேன். முழங்கால் உயரத்தில் ட்ரைபாடை வைத்துப் பாறையைச் சுற்றி எடுக்கும் நான்கு நிமிடத்தில் அந்தத் தகவல் எதுவும் வருவதில்லை.

மைக்கேல் கென்னா என்ன செய்தார் என்று கேட்பீர்கள். இரவு முழுவதும் மணிக்கணக்கில் ஷட்டரைத் திறந்து வைத்தவர் அவர். ஹொக்கைடோவின் நீரும் பனியும் அவர் படங்களில் ஏறக்குறைய வெறும் தாளாகிவிடுகின்றன. சரிதான். அவர் படங்களின் பொருள் நீர் அல்ல, நீரில் நட்டிருக்கும் கழியும் வேலியும். நீரை வெறுமையாக்க வேண்டிய தேவை அவருக்கு இருந்தது. அதற்குக் கறுப்பு வெள்ளை, சதுரச் சட்டகம் என்று மற்றதெல்லாம் உடன் நின்றன. நம்மில் பலர் அவருடைய நேரத்தை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு, அதன் மேல் ஆரஞ்சு வானத்தை வைக்கிறோம். ஹிரோஷி சுகிமோட்டோவின் கடல் வரிசையையும் இந்தப் பேச்சில் இழுப்பதுண்டு. 1980இலிருந்து அவர் எடுத்துவரும், பாதி வானம் பாதி நீர் என்ற அந்தப் படங்களில் நீர் புகையாய் இருப்பதாகவே நினைவில் தங்கிவிடுகிறது. நல்ல அச்சில் பார்த்தால் அவற்றில் பலவற்றில் சிற்றலைகள் ஒவ்வொன்றாகத் தெரியும். அவர் முழு நீளத் திரைப்படம் ஓடி முடியும்வரை ஷட்டரைத் திறந்து வைத்தது திரையரங்குகளில். எதற்கு எவ்வளவு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்னொரு மறுப்பு: மக்கள் அமைதியைத் தேடித்தான் இந்தப் படங்களைப் பார்க்கிறார்கள்; கடலைத் துல்லியமாகக் காட்டுவது எங்கள் வேலையா? இதற்கு என் பதில் சற்றுக் கடுமையானது. நவம்பர் மாதக் கொந்தளிப்பில், மீன்துறை எச்சரிக்கையால் படகெல்லாம் கரையேறிக் கிடக்கும் நாளில், நான்கு நிமிடம் எடுத்த கடலுக்கு ‘அமைதி’ என்று தலைப்பிட்டுப் பரிசு வாங்கலாம். படகுக்காரர் இறங்க அஞ்சிய நீரை ஒளிப்படம் தூங்கவைத்துவிடுகிறது. குமரிக் கரையிலும் கேரளத்திலும் கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. காற்றே இல்லாத நல்ல வானிலையில், பல ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே கிளம்பிய திரைகள் திடீரென்று கரையேறும். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையம் அதற்கென்றே எச்சரிக்கை வெளியிடுகிறது. 2024 மே மாதம் அப்படியொரு எச்சரிக்கை நடப்பிலிருந்த நாளில் கன்னியாகுமரி மாவட்டக் கரையொன்றில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். அதற்கும் எந்த ஒளிப்படத்துக்கும் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு கரையின் பெயரை எழுதி, அங்கே நீர் இப்படித்தான் படிந்து கிடக்கும் என்பதுபோல் ஆயிரம் படங்களை உலவவிடும்போது, அடுத்த வாரம் அந்தப் பாறைமேல் ஏறப்போகிறவருக்கு நாம் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று யோசிப்பது நம் வேலைதான். பெயரில்லாத, இடம் சுட்டாத படமாக இருந்தால் இந்தக் குற்றச்சாட்டு விழாது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இதோடு சேர்ந்ததுதான் ஆள் இல்லாமை. தமிழ்நாட்டுக் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும். கிட்டத்தட்ட 600 மீனவ ஊர்கள் அதில் இருக்கின்றன. மாலையில் வலை உலர்த்துகிறவர், கட்டுமரத்தை மேலே இழுக்கிறவர், மீன் பிரிக்கும் பெண்கள், பந்தாடும் பிள்ளைகள் என்று கரையில் எப்போதும் ஆள் உண்டு. நான்கு நிமிடம் இவர்களை டாகெரின் வண்டிகளைப்போல் துடைத்துவிடுகிறது. டாகெருக்கு அது கட்டாயம். நாமோ ஃபில்டரைக் காசு கொடுத்து வாங்கி அதைச் செய்கிறோம். ஊரே வாழும் கரையை ஆளரவமற்ற தீவாகக் காட்டிய படங்களை வரிசையாகப் பார்க்கையில் எனக்கு அழகைவிட அந்நியம்தான் முதலில் தோன்றுகிறது. அரை நொடியில் நின்று பேசும் மனிதர் நிற்பார், நடப்பவர் இலேசாக இழுபடுவார், அலை கோடாகும். கட்டிப்போட்ட படகு ஆடும் என்பதால் அதற்கு அரை நொடியும் அதிகமாகலாம். அங்கே ஐஎஸ்ஓவை ஏற்றுவதில் தப்பில்லை.

நீண்ட நேரமே சரி என்று தண்ணீர் சொல்லும் இடங்களும் இருக்கின்றன. கொடைக்கானல் ஏரியிலோ முட்டுக்காட்டு உப்பங்கழியிலோ மாலைக் காற்று தணியும்போது நீரில் எழுவது விரல் உயரச் சுருக்கங்கள்தான். நொடியின் சிறு பங்கில் எடுத்தால் அந்தச் சுருக்கங்கள் மரங்களின் பிம்பத்தைத் துண்டுதுண்டாக வெட்டிவிடும். பதினைந்து, இருபது நொடி கொடுத்தால் துண்டுகள் சேர்ந்து பிம்பம் செங்குத்தாக நீண்டு தெளியும். கரை விளக்குகள் நீரில் தூண்களாக இறங்கும். இங்கே நீளம் ஒன்றை அழிக்கவில்லை, சிதறிக் கிடந்ததைக் கூட்டித் தருகிறது. பாறைமேல் வழியும் மெல்லிய நீர், கழிமுகத்தில் வெளியேறும் ஓட்டம் இவற்றுக்கும் நான்கைந்து நொடி கொடுத்தால்தான் போகும் திசை தெரியும்.

கடைசியாக, இளையவர்கள் கேட்பது: இப்போது ஃபில்டர் எதற்கு? ஒலிம்பஸ் 2019இல் கேமராவுக்குள்ளேயே லைவ் என்டி என்று கொடுத்துவிட்டது. கைபேசியே பல படங்களைச் சேர்த்து நீரை மென்மையாக்குகிறது. அரை நொடிப் படங்களாக நூறு எடுத்துக்கொண்டு வீட்டில் வேண்டிய அளவு சேர்த்துக்கொண்டால் போயிற்று. முறையாக இதை நான் வரவேற்கிறேன். இருட்டுப் படத்துக்குக் காத்திருக்க வேண்டாம். இறங்கும் ஒளியைப் படத்துக்குப் படம் ஈடுகட்டலாம். வெப்ப இரைச்சல் சராசரியில் குறையும். ஒரு தடவை காற்று அடித்தாலும் எல்லாம் பாழாகாது. ஆனால் அந்த நூறு படங்களில் எத்தனையைச் சேர்ப்பது என்ற கேள்வி அப்படியே மிஞ்சுகிறது. நூறு இருக்கிறது என்பதற்காக நூறையும் சேர்த்தால் ஃபில்டர் செய்த தவறையே மென்பொருளில் செய்கிறோம். இதில் ஒரு நன்மை மட்டும் உண்டு: எட்டைச் சேர்த்ததையும் எண்பதைச் சேர்த்ததையும் அருகருகே வைத்து, எது அந்த நீர் என்று பார்க்க முடிகிறது.

அதையே போட்டியாக்கிப் பாருங்கள் என்று நடுவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ட்ரைபாடை நகர்த்தாமல், ஒரே மாலையில், ஒரே நீரை மூன்று வேறு நேரங்களில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூன்றில் எது தன் படம் என்று அனுப்புகிறவரே குறித்து, ஏன் என்பதை இரண்டு வரியில் எழுதட்டும். வடகிழக்குப் பருவம் தொடங்கும் அக்டோபரில் வைத்தால் பாக் விரிகுடாக்காரரும் குமரிக்காரரும் சென்னைக்காரரும் ஒரே விடையோடு வர வாய்ப்பில்லை. பாறைமேல் நின்று எடுத்த படங்களுக்கு அந்த மாதங்களில் மதிப்பெண் கிடையாது என்று விதியிலேயே எழுதிவிடுவதும் நல்லது. படத்தோடு ஷட்டர் நேரத்தையும் அன்று எண்ணிய அலை இடைவெளியையும் கேளுங்கள். முதலாவது கோப்பிலேயே பதிந்திருக்கும். இரண்டாவது, கரையில் நின்று எண்ணியிருந்தால்தான் கிடைக்கும்.

அன்புடன்,
உங்கள் படங்களைத் தொடர்ந்து பார்த்துவரும் ஒருவன்